முடியாது மேடமும் மேல்கொல்லையும்

முதல் நாள்

முதலமைச்சரின் சட்ட ஆலோசகர் என்ற ஆணை என் கையில் இருந்தது. கோட்டையில் எனக்கு ஒதுக்கிய அறையில் நாற்காலியும் இருந்தது. மேசைதான் இல்லை. ஃபைலை மடியில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தபோதே முதலமைச்சர் கூப்பிட்டுவிட்டார்.

உள்ளே நாலைந்து அதிகாரிகள் நின்றார்கள். முதலமைச்சர் ஒரு திட்டத்தின் டிராஃப்டை என்னிடம் நீட்டினார்.

"வக்கீலம்மா, இதைப் பண்ணலாமா?"

படித்தேன். "முடியாது சார்."

அதிகாரிகள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! வந்த அன்றே வேலை போச்சு என்று பாவப்பட்டிருப்பார்கள்.

"ஏன்?"

"கோர்ட்டுக்குப் போனா ஸ்டே வாங்கிடுவாங்க சார். ஒரு வாரம்கூட நிக்காது."

அவர் கோபப்படவில்லை. "இங்க எல்லாரும் முடியும் முடியும்ங்கறாங்க. அப்புறம் கோர்ட்ல போயி நான் அசிங்கப்படறேன். அதை முன்னாடியே சொல்ல ஒரு ஆள் வேணும்னுதான் உங்களைக் கூப்பிட்டேன்" என்றார்.

அன்றைக்கே எனக்குப் பேர் வைத்துவிட்டார்கள். முதுகுக்குப் பின்னால் சொல்வது எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஒருநாள் கேன்டீன்காரர் வாசலில் நின்று, "முடியாது மேடத்துக்கு சர்க்கரை கம்மியா ஒரு டீ" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். எனக்கு அந்தப் பேர் பிடித்துத்தான் இருந்தது.

என் பழக்கம்

எனக்கு ஊர் வடக்கனந்தல். வீட்டு மாடியில் நின்றால் கல்வராயன் மலை தெரியும். கோட்டைக்குப் போகுமுன் கள்ளக்குறிச்சி கோர்ட்டில் பிராக்டிஸ் பண்ணினேன். அங்கே பிடித்துக்கொண்ட பழக்கம் ஒன்று உண்டு. பிராது எழுதினால், கையெழுத்துக்கு முன்னால் அதைப் பேச்சுத் தமிழில் கட்சிக்காரருக்கு வாசித்துக் காட்டுவேன். எங்கேயாவது தப்பு இருந்தால், "அது அப்படி இல்லீங்களே" என்று தானாக நிமிர்ந்து உட்காருவார்கள்.

கோட்டையிலும் அதை விடவில்லை. ஓர் அரசாணை யாரைக் கட்டுப்படுத்துமோ, அவர்களில் சிலரிடம் டிராஃப்டை வாசித்துவிடுவேன். முதலமைச்சரின் செயலாளருக்கு இது கொஞ்சமும் பிடிக்காது. நல்ல மனிதர், ஆனால் சட்டையைப் போலவே பேச்சிலும் கஞ்சி போட்டிருப்பார்.

"மேடம், இது கவர்மென்ட் ஆர்டர். கதாகாலட்சேபம் இல்ல."

"கேக்கறவங்களுக்குப் புரியணும் இல்ல சார்?" என்பேன்.

வெள்ளிமலைப் பந்தல்

கல்வராயன் மலையில் தலைமுறை தலைமுறையாகப் பயிர் செய்தும் பட்டா இல்லாத குடும்பங்களுக்குப் பட்டா. இதை மலைமேல் இருக்கும் வெள்ளிமலை ஊரில் விழா வைத்து முதலமைச்சரே அறிவிப்பதாக ஏற்பாடு. காப்புக்காடு அல்ல, எல்லாம் வருவாய்த் துறை நிலம். சட்டத்தில் சிக்கல் ஒன்றும் இல்லை. என் மலை, என் ஜனம் என்று எனக்கு நிலைகொள்ளாத சந்தோஷம். வாசித்துக் காட்டுவது மட்டும் பாக்கி இருந்தது. அதற்காகவே விழாவன்று விடிந்ததும் மலையேறிவிட்டேன்.

முன்வரிசை பிடிக்க வந்த பெண்கள் அந்நேரத்துக்கே பந்தலில் இருந்தார்கள். அவர்களில் பொன்னி என்பவள்தான் வாயாடி. என் வயதுதான் இருக்கும்.

"இன்னா மேடம், பட்டா நெசமாவே குடுக்கறாங்களா, இல்ல போட்டோ புடிச்சிக்கினு பூடுவாங்களா?"

"நெசந்தான். கேளு, படிக்கிறேன்."

'தற்போது சாகுபடியில் உள்ள நிலங்கள் அளந்து பட்டா வழங்கப்படும்' என்பதைச் சொன்னதும் கைதட்டினார்கள். 'ஏனைய தரிசு நிலங்கள் அரசின் மரம் வளர்ப்புத் திட்டத்துக்கு எடுத்துக்கொள்ளப்படும்' என்பதற்கும் தட்டினார்கள். பொன்னி மட்டும் தட்டிக்கொண்டே கேட்டாள்.

"கீழ்க்கொல்லையில இப்ப சாமை இருக்குது, அது வந்துரும். மேல்கொல்லை படுத்துக்கினு இருக்குதே மேடம், அதுக்கும் இன்னிக்கே குடுப்பாங்களா, எழுந்தப்புறம் குடுப்பாங்களா?"

"படுத்துக்கினு இருக்குதா?"

"ஆமாங்க. நாலு வெள்ளாமை எடுத்தா நெலம் களைச்சுப் பூடும். அப்ப வுட்ருவோம். புல்லு மொளைக்கும், மாடு மேயும். அது தேறினதும் ஏரு பூட்டிக்கினு, இதைப் படுக்க வுடுவோம். அதுவரிக்கும் வேற யாரும் அதுல காலு வைக்க மாட்டாங்க."

படிப்பதை நிறுத்திவிட்டேன். மற்றவர்களையும் கேட்டேன். எல்லாருடைய வீட்டிலும் இதே கதைதான். ஒரு கொல்லை நிலம் விளையும், ஒரு கொல்லை படுத்திருக்கும். ஆணைப்படி படுத்திருப்பதெல்லாம் தரிசு. அதைச் சர்க்கார் எடுத்துக்கொண்டால், கையில் மிஞ்சும் கொல்லை களைத்துப்போகும் அன்றைக்கு இவர்கள் எதை உழுவார்கள்? எதைச் சாப்பிடுவார்கள்?

"இன்னா மேடம், மூஞ்சி மாறிப்போச்சி?"

மறைக்க முடியவில்லை. "மேல்கொல்லை போயிடும் பொன்னி. எழுத்துப்படி அது தரிசு."

அவள் எழுந்துவிட்டாள். "அப்ப உங்க பட்டாவே வாணாம். வாங்கடி, போலாம்!"

"ஒக்காரு! நான் போயி பேசிட்டு வரேன். அதுவரிக்கும் ஒருத்தரும் எழுந்திருக்கக் கூடாது" என்று அதட்டிவிட்டு நடந்தேன். அதட்டினேனே தவிர, எனக்கே நம்பிக்கை இல்லை.

இட்லித் தட்டுக்கு முன்னால்

விருந்தினர் மாளிகையில் முதலமைச்சர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். செயலாளர் பக்கத்தில் நின்றார்.

"சார், இந்த ஆர்டரை இன்னிக்கு வாசிக்க முடியாது."

அவர் கை நின்றது. "வெளையாடறீங்களா? நீங்களே பார்த்து ஓகே பண்ணினதுதானே?"

விஷயத்தைச் சொன்னேன். செயலாளர் குறுக்கே வந்தார். "மேடம், டிவியில லைவ் போகுது. ஜனம் வந்தாச்சு. சும்மா கெடக்கற நிலத்துக்கெல்லாம் யாராவது பட்டா குடுப்பாங்களா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "சார், உங்க மெட்ராஸ் வூட்ல ஒரு ரூமைப் பூட்டி வெச்சிருந்தா, அது கவர்மென்ட் ரூமா?"

முதலமைச்சருக்குச் சிரிப்பு வந்து புரையேறியது. தண்ணீர் குடித்துவிட்டு, முகத்தை மறுபடி இறுக்கமாக்கிக்கொண்டார். "சட்டப்படி இந்த ஆர்டர் தப்பா? அதைச் சொல்லுங்க."

"தப்பே இல்ல சார். எந்தக் கோர்ட்லயும் நிக்கும். எனக்கு அதுதான் பயம். நின்னுட்டா, இவங்க கொல்லை போறதை அப்புறம் யாராலயும் தடுக்க முடியாது."

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு கேட்டார். "மாத்தணும்னா?"

"ரெவின்யூ, ஃபாரஸ்ட், ஃபைனான்ஸ்னு மூணு டிபார்ட்மென்ட்டும் சம்மதிக்கணும், கேபினட்டுக்குப் போகணும். அடுத்த மாசம்தான் சார்" என்றார் செயலாளர்.

"வக்கீலம்மா, இன்னிக்கே முடியுமா?"

இரண்டு பேரும் என் வாயைப் பார்த்தார்கள். என்ன சொல்லப்போகிறேன் என்று அவர்களுக்குத் தெரியுமாம்.

"முடியும் சார்."

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். நான் விளக்கினேன். அவசரம் என்றால் முதலமைச்சரே முடிவெடுக்கலாம். அடுத்த அமைச்சரவைக் கூட்டத்தில் அதற்குப் பின்னேற்பு வாங்கினால் போதும். விதியிலேயே இடம் இருக்கிறது. அங்கேயே உட்கார்ந்து எழுதினேன்: 'தற்போது சாகுபடியில் உள்ள நிலங்களுக்கும், சுழற்சி முறையில் கரம்பாக விடப்பட்டுள்ள நிலங்களுக்கும் பட்டா வழங்கப்படும்.' மரம் வளர்ப்புத் திட்ட வாக்கியத்தை அடித்துவிட்டேன்.

அவர் கையைக் கழுவிவிட்டு வந்து பேனாவை எடுத்தார். "நிக்குமா?"

"நிக்க வைக்கிறேன் சார்."

கையெழுத்துப் போட்டார்.

மேடை

ஆணையை வாசித்து முடித்ததும் அவர் காகிதத்தை மடித்துவிட்டு மைக்கை நெருங்கினார். "கீழ்க்கொல்லை வெளையுது. மேல்கொல்லை படுத்திருக்கு. ரெண்டும் யாருது?"

"எங்களுதுங்க!" என்று முதலில் கத்தியது பொன்னிதான். அதற்குப் பிறகு பந்தலே கத்தியது. பெண்கள் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினார்கள். மேடைக்குப் பின்னால் நின்ற நான் வெட்கமே இல்லாமல் அழுதேன்.

செயலாளர் கைக்குட்டையை நீட்டினார். "முடியாதுன்னு சொல்லாம வாங்கிக்குங்க மேடம்."

பின்னேற்பு கிடைத்தது. ஒருவர் வழக்குப் போட்டார். நானே போய் வாதாடினேன். ஆணை நின்றது. என் வக்கீல் வாழ்க்கையில் அவ்வளவு உரக்க நான் எந்தக் கோர்ட்டிலும் பேசியதில்லை.

ஜூனியர்களுக்கு

பெரிய பதவியில் இருப்பவருக்கு ஆலோசனை சொல்லும் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கோர்ட்டில் நிற்குமா என்று பார்ப்பது பாதி வேலைதான். நின்றால் யார் தலையில் நிற்கும் என்று பார்ப்பது மீதிப் பாதி. அதற்குச் சட்டப் புத்தகம் போதாது. வாசித்துக் காட்டுங்கள், கேள்வி கேட்க விடுங்கள். 'முடியாது' என்று சொல்லப் பயப்படாதீர்கள். ஆனால் 'முடியும்' என்பதற்கு ஒரு வழியைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

ஓய்வு பெற்ற பிறகு பொன்னியைப் பார்க்க மலைக்குப் போனேன். மேல்கொல்லை முழுக்கச் சாமை, கதிர் சாய்ந்து நின்றது. கீழ்க்கொல்லையில் புல்தான். ஏறிவந்த களைப்பில் அந்தப் புல்லில் உட்காரப் போனேன்.

"மேடம்!" என்றாள் பொன்னி, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு. "அதுக்கும் பட்டா இருக்குது. கேட்டுட்டு ஒக்காருங்க."

கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.