முன் சீட்டும் ஸ்டெப்னியும்

நான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றது லாரிகளின் முதுகைப் பார்த்துத்தான். பள்ளிக்கூடம் என்னைக் கொஞ்ச நாள்தான் வைத்துக்கொண்டது. நாமக்கல்லில் அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. "ஒலி எழுப்பவும்" என்பதை வாசித்துவிட்டால் பாதிப் படிப்பு முடிந்தது.

எங்கள் பக்கம் லாரியை முழுசாக யாரும் வாங்குவதில்லை. சேஸ் என்கிற எலும்புக்கூட்டை வாங்கி, பட்டறையில் விட்டுப் பாடி கட்டுவோம். பாடி என்றால் இங்கிலீஷில் உடம்பு என்று காலேஜுக்குப் போகிற பேத்தி சொன்னாள். உடம்பு என்று தமிழில் சொன்னால் கூலி குறைந்துவிடும் என்று பட்டறைக்காரர்களுக்குப் பயம் போலிருக்கிறது.

லாரிக்கு அடியில் தொங்குகிற மாற்றுச் சக்கரத்துக்கு ஏன் ஸ்டெப்னி என்று பெயர் என்றும் கேட்டேன். போனைத் தடவிப் பார்த்து, "அது ஒரு தெருப் பேருங்க அப்பத்தா" என்றாள். வெள்ளைக்காரர் தேசத்தில், அந்தத் தெருவில்தான் அந்தச் சக்கரத்தை முதலில் செய்து விற்றார்களாம். எங்கள் பக்கத்துச் செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதியில் விற்காத சாமானா? அங்கே ஒரு மிளகாய் மூட்டைக்குக்கூட யாரும் பேட்டையின் பெயரை வைக்கவில்லை.

மகன் புது வண்டி எடுத்தான். பாடி கட்டி முடிந்த அன்று குலசாமி கோயிலுக்கு ஓட்டிப் போய்ப் பூசை போடுவது வழக்கம். முன் சீட்டில் வீட்டுக்குப் பெரியவர் உட்கார வேண்டும். வீட்டுக்காரர் போன பிறகு பெரியவள் நான்தான். அந்தச் சீட்டுக்காகவே பட்டுச்சேலை கட்டிப் போனேன். அங்கே மருமகளின் அண்ணன் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். புருஷன் இல்லாதவள் முன்னால் உட்கார்ந்தால் ஆகாது என்று நேராகச் சொல்ல அவருடைய நாகரிகம் விடவில்லை.

"அத்தை, நீங்க நம்ம குடும்பத்துக்கு ஸ்டெப்னி மாதிரிங்க. பின்னால இருந்தாத்தான் எங்களுக்குத் தெம்பு."

எல்லாரும் சிரித்தார்கள். மகன் ஸ்டியரிங்கைத் துடைத்தான். அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது. பின்னால், திருஷ்டிப் பூசணிக்காய்க்குப் பக்கத்தில் எனக்கு ஜமக்காளம் விரித்தார்கள்.

எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி கிளம்பியது. எருமப்பட்டி வருவதற்குள் டயர் உட்கார்ந்துவிட்டது. பட்டறை ஆணி. ஸ்டெப்னியைக் கழற்றக் குனிந்தால் அந்த இடம் காலி. பாடி கட்டும்போது கழற்றிப் பட்டறைச் சுவரில் சாய்த்தது, அங்கேயே நின்றுகொண்டிருந்தது. கற்பூரம், மாலை, கண் திருஷ்டிக் கயிறு என்று வேறு எதையும் அவர்கள் மறக்கவில்லை.

போன் போட்டதும் சக்கரம் குட்டியானையில் வந்தது. அந்தச் சின்ன வண்டியின் பெயருக்கு மட்டும் எனக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. சக்கரத்தை மாட்டி முடிப்பதற்குள் நல்ல நேரம் போய்விட்டது. மருமகளின் அண்ணன் இறங்கி வந்தார்.

"நல்ல நேரந்தான் போயிருச்சுங்களே. இனி அத்தை வேணும்னா முன்னால உக்காரட்டுங்க."

"ஏனுங்க மாப்பிள்ளை, கெட்ட நேரம் வந்தாத்தான் என்னைய எடுத்து மாட்டுவீங்களா?"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. தினசரிக் காலண்டரில் சாயங்காலமும் ஒரு நல்ல நேரம் போட்டிருக்கும்; அதில்தான் ஏறுவேன், நான் ஏறாமல் வண்டி நகராது என்று சொல்லிவிட்டுப் புளியமரத்தடியில் உட்கார்ந்துகொண்டேன். எனக்கு என்ன அவசரம்? சோறு கட்டித்தான் கொண்டுவந்திருந்தோம்.

வெயில் தாழ்ந்ததும் மகன் வந்து கையை நீட்டினான். "நேரமாச்சுங்கம்மா, முன்னால ஏறுங்க."

ஏறி உட்கார்ந்து சேலையைச் சரிசெய்துகொண்டேன். பின்னால் ஜமக்காளம் விரித்தபடியே கிடந்தது. கோயில் வரைக்கும் பூசணிக்காயை உருளாமல் பிடித்துக்கொண்டு வந்தவர் மருமகளின் அண்ணன்.