வேர் எந்தப் பக்கம்

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒற்றை முடியை வைத்து ஹாலவ்வா தேய்க்கிறாள். முடி மெல்ல ஊர்ந்து விரலிடுக்கிலிருந்து ஒரு பக்கமாக எட்டிப் பார்க்கிறது. எட்டிப் பார்க்கும் பக்கம் வேர். வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கிறாள். கண் எதிர்ச்சுவர்க் காலண்டரில் இருக்கிறது. வாய், பக்கத்துப் பலகையில் உட்கார்ந்திருக்கும் துர்கவ்வாவிடம் அவள் மருமகளைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறது.

வட கர்நாடகத்தில் கொப்பள் நகரை ஒட்டிய பாக்யநகரில் முடிக் கிடங்கு இல்லாத தெரு குறைவு. சீப்பில் சுருண்டு வரும் முடியை, பதிலுக்குப் பாத்திரம் கொடுத்து வாங்கி, ஊர் ஊராகச் சேர்த்து மூட்டையில் கொண்டுவந்து கொட்டுவார்கள். ஹாலவ்வா வேலை பார்க்கும் கிடங்கின் பின்கொட்டகையில் நாற்பது பெண்கள் ஊசியால் சிக்கெடுத்து, வேரெல்லாம் ஒரு பக்கம், நுனியெல்லாம் ஒரு பக்கம் வரும்படி கட்டுவார்கள். ஒவ்வொரு முடியின் மேலும் மீனுக்கு இருப்பதுபோலச் செதில்கள், கண்ணுக்குத் தெரியாத அளவில், நுனியைப் பார்த்துப் படுத்திருக்கின்றன. நாலு முடி தலைகீழாகக் கலந்தாலும் தண்ணீர் பட்டதும் செதிலோடு செதில் கோத்துக்கொண்டு கட்டு முழுக்கத் தேங்காய் நாராகிவிடும். கட்டுக்குப் பத்து முடி உருவிப் பார்த்துச் சிவப்பு நூல் சுற்றி அனுப்புவது ஹாலவ்வாவின் வேலை.

“உயிர் போன சாமான்தான். ஆனா வந்த வழிய மறக்காது” என்பாள்.

பேருந்தில் ஏறினால் முகம் பார்ப்பதில்லை, தலைதான். “முன்னாடி சீட்டுக்காரிக்கு ரத்தம் பத்தல, பாரு, நுனியெல்லாம் வெடிச்சுக் கெடக்கு.” அவளுடைய சொந்தக் கொண்டை எலுமிச்சம்பழ அளவுதான். நகத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் பிளேடால் ஒட்ட வெட்டிக்கொள்வாள். செவ்வாய், வெள்ளி என்று யாராவது முனகினால், “கெழமை பாத்தா நகம் வளருது?” என்று கேட்பாள். சாப்பிட்ட கையைக் கழுவியதும் விரல் நுனிகளில் கடலை எண்ணெய் தடவி, பிள்ளையின் காயத்தை ஊதுவதுபோல ஊதுவாள்.

ஊர் மன்னிக்காத விஷயம் வேறு. ஹாலவ்வா ரொட்டி தட்டுவதில்லை. சோள மாவைக் கொதிநீரில் பிசைந்து, பலகையில் உள்ளங்கையால் அறைந்து, கல்லில் போட்டு, கொதிக்கிற ரொட்டியின் மேல் வெறும் கையால் தண்ணீர் தடவ வேண்டும். அந்தப் பக்கத்துப் பெண்களின் விரல்கள் நெருப்பையே விசாரிக்கும். ஹாலவ்வா வீட்டில் அந்த வேலை அவள் கணவன் ஃபகீரப்பாவுடையது. காலையில் அந்த வீட்டிலிருந்து தட்டும் சத்தம் கேட்டால், “ஃபகீரவ்வா எந்திரிச்சாச்சு” என்று தெருவில் சிரிப்பார்கள். அவனும் சிரித்துக்கொண்டே தட்டுவான்.

“உடம்பு இருக்கே, அது ஒரு வெகுளி. சூடு பட்டா போதும், காப்பாத்தறேன்னு விரல்ல தோல் மேல தோலா அடுக்கி வெச்சிரும். உள்ள இருக்கறவ குருடாயிருவா” என்பது ஹாலவ்வாவின் விளக்கம்.

இந்த மார்கழி எள்ளமாவாசைக்கு நாத்தனார் பசவ்வா வந்து இறங்கினாள். எள் ஒட்டிய கம்பு ரொட்டியை வயலுக்கு எடுத்துப்போய் பூமித்தாய்க்குப் படைக்கும் நாள் அது.

“ஏண்ணி, ஆம்பள தட்டுன ரொட்டியவா தாயிக்கு வெப்பீங்க? வயல் வெளஞ்ச மாதிரிதான்.”

“அவர் தட்டுனா மெலிசா வரும் பசவ்வா.”

“மெலிசா வரட்டும். வெக்கமும் கூட வரணுமில்ல?”

ஃபகீரப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஹாலவ்வா மாவுப் பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இரண்டு நாளில் நூற்றிருபது ரொட்டி. சொந்தக்காரர்கள் வயலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பசவ்வா மூன்று ரொட்டி தின்றுவிட்டு, கொஞ்சம் தடிமன் என்றாள்.

மறுவாரம் சென்னைக்குப் போன கட்டு ஒன்று திரும்பி வந்தது. அலசியதும் குருவிக் கூடாகச் சுருண்டிருந்தது. அதன் கழுத்தில் சிவப்பு நூல்.

கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் சங்கண்ணா கத்துகிற ஆள் இல்லை. அந்தக் கூட்டைப் பலகையில் வைத்துவிட்டு ஹாலவ்வாவின் விரல்களைப் பார்த்தார். நுனியெல்லாம் மஞ்சளாக மினுங்கிற்று, செருப்புத் தோல் மாதிரி.

“ரொட்டி தட்டினியாம்மா?”

“பண்டிகை அண்ணா.”

“நாளைக்கு இருபது முடி குடுப்பேன். மூணு தப்பாச்சுன்னா பின்கொட்டகைக்குப் போயிரு. நான் என்ன பண்ணட்டும்?”

பின்கொட்டகையில் ஒன்பது வருடம் இருந்தவள்தான். அங்கே பறக்கும் முடித் தூசி நெஞ்சில் இறங்கி, ரத்தம் கலந்து இருமிய பிறகுதான் இந்தப் பலகைக்கு வந்தாள். “திரும்பிப் போனா அடுத்த உகாதிக்கு நான் இல்ல” என்று துர்கவ்வாவிடம் சொன்னாள், பேருந்து எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரலில். அன்றைக்கு வீட்டில் விரல்களை வெதுநீரில் ஊறவைத்தாள். ஃபகீரப்பா படிகாரக் கல்லால் தேய்த்துவிட்டான். தோல் வெளுத்ததே தவிர அசையவில்லை.

மறுநாள் எல்லாரும் கூடிவிட்டார்கள். சங்கண்ணா ஒரு பின்னலிலிருந்து முடிகளை உருவி, இரண்டு முனையையும் கத்தரித்து, வேர் எதுவென்று தனக்கு மட்டும் தெரியும்படி பிடித்துக்கொண்டார். முதல் முடியை ஹாலவ்வா தேய்த்தாள். முடி ஊர்ந்ததா, விரல் நழுவியதா, தெரியவில்லை. மறுபடி தேய்த்தாள். கொட்டகையில் யாரோ இருமினார்கள்.

ஹாலவ்வா முடியை உதடுகளுக்கு நடுவில் வைத்து, வாயை மூடி, ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள்.

“ச்சீ! எவ தலை முடியோ!” என்றாள் துர்கவ்வா. நாலைந்து பேர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். சோற்றில் ஒரு முடி கிடந்தால் தட்டோடு எழுந்துபோகிற ஊர் அது.

ஹாலவ்வா முடியைத் திருப்பி, மறுமுனையைப் பிடித்து இழுத்தாள். இந்த முறை வழுக்கிக்கொண்டு வந்தது.

“வேரப் புடிச்சு இழுத்தா வழுக்கும். நுனியப் புடிச்சு இழுத்தா நெரடும். இந்தப் பக்கம் வேர்.”

சங்கண்ணா தலையாட்டினார். இரண்டாவது சரி. ஐந்தாவது சரி. எட்டாவதில் இரண்டு முறை இழுத்துப் பார்த்துத் தப்பாகச் சொன்னாள். பதினொன்றும் தப்பு. அதற்கப்புறம் யாரும் ச்சீ என்று சொல்லவில்லை. பன்னிரண்டு, பதிமூன்று, பதினான்கு. பதினைந்தாவதை அவள் வாயிலிருந்து உருவியபோது சங்கண்ணா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“சரிதான்மா. போதும். போய் உன் பலகைல உக்காரு.”

“இன்னும் அஞ்சு இருக்கு.”

“நான்தான் போதுங்கறேனே!”

“நாளைக்கு இன்னொருத்தி வந்து, பாதிலதான அண்ணா விட்டாருன்னு கேப்பா. அப்ப பதில் சொல்ல நீங்க இருப்பீங்களா, நான் இருப்பேனா? குடுங்க.”

சங்கண்ணா பதினாறாவது முடியை நகநுனியால் எடுத்து, கையை முழுதும் நீட்டி, தன் உடம்புக்கு எட்டாத தூரத்தில் பிடித்தார். ஹாலவ்வா அதைக் கையில் வாங்கவில்லை. முந்தானையால் உதட்டை ஒருமுறை துடைத்துக்கொண்டு, குனிந்து, வாயை நீட்டினாள்.