இருபத்தைந்தாவது அட்டை

போன சனிக்கிழமை, ஒன்றரை வருடமாக நான் ஆசைப்பட்டுக்கொண்டிருந்த பொருளை ஒருவர் மேசைமேல் என் பக்கம் நகர்த்தி, "எடுத்துக்கொள்ளுங்கள், இது உங்களுக்கு" என்றார்.

நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஏன் சொன்னேன்? அதற்கு முன் பொருள் என்னவென்று சொல்லவேண்டும். சிரிக்கக் கூடாது. சிகரெட் பெட்டிக்குள் வந்த ஒரு படம்.

எழுபது, எண்பது வருடங்களுக்கு முன் அமெரிக்காவில் சிகரெட் பெட்டி நசுங்காமல் இருப்பதற்காக உள்ளே ஒரு சின்ன அட்டை வைப்பார்களாம். அதில் ஒரு பேஸ்போல் ஆட்டக்காரரின் வர்ணப்படம். நான் சேர்க்கும் வரிசையில் மொத்தம் இருபத்தைந்து பேர். பேஸ்போலைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. யாழ்ப்பாணத்தில் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். உலக்கை மாதிரி ஒன்றைத் தோளில் தூக்கி வைத்திருப்பவரைப் பார்த்தால், முதலில் அதைக் கீழே இறக்கி வையுங்கள் என்று சொல்லத்தான் தோன்றும்.

ஆனால் அந்த வானங்கள்...

ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் பின்னால் ஒரு வானம். ஒருவருக்குப் பழுத்த பப்பாசி நிறம். இன்னொருவருக்கு வெளிறிய பச்சை. இங்கே டென்மார்க்கில், பிரெடெரிசியாவில் நவம்பர் மாதத்தில் நாலு மணிக்கெல்லாம் பகல் முடிந்துவிடும். கடலில் இருந்து வரும் பனிப்புகார் எதிர்வீட்டுக் கூரைகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு போகும். அந்த நேரத்தில் அட்டைகளை ஜன்னல் விளிம்பில் வரிசையாக நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பேன். கொஞ்ச நேரத்தில் நானும் அந்தப் புல்வெளியில் நிற்பேன். வெயில் முதுகில் சுடும். யாரோ எங்கேயோ ஒரு பந்தை எறியப்போகிறார்கள். அவசரம் இல்லை. யாரும் என்னிடம் விசா கேட்பதும் இல்லை.

"என்னப்பா, தேத்தண்ணி ஆறுது" என்று மனைவியின் குரல் கேட்கும். வெயில் போய்விடும்.

எனக்கு நாற்பத்தாறு வயது. பட்டப்படிப்பைக் கடைசி வருடத்தில் விட்டவன். ஊரில் கட்டிய வீட்டுக்குக் கூரை போடுமுன் புறப்பட்டு வந்தவன். டேனிஷ் பாடப்புத்தகத்தில் நாலாம் அத்தியாயத்தில் நிற்கிறேன். பாதியில் நின்றவற்றைப் பட்டியல் போட்டால் இந்தப் பக்கம் போதாது. ஒன்றையாவது முழுதாக முடித்தேன் என்று சொல்ல வேண்டாமா? அதற்கு எனக்கு வாய்த்தது இந்த இருபத்தைந்து பேர்தான்.

முதல் ஏழு பேரைப் பழைய சாமான் சந்தையில் ஸ்வென் என்ற கிழவரிடம் வாங்கினேன். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. அமெரிக்காவுக்குப் போன அவருடைய சித்தப்பா ஒவ்வொரு கடிதத்துக்குள்ளும் ஒரு அட்டை வைத்து அனுப்பினாராம். இரட்டையாக இருந்தவற்றை பிஸ்கட் டின்னில் போட்டு விற்க வைத்திருந்தார்.

மற்றவை? கையில் காசில்லாதவனுக்குத் தபால் இருக்கிறது. ஒஹாயோவில் ஒரு பல் வைத்தியர் முத்திரை சேர்க்கிறார். ஊரில் இருந்து வரும் கடிதங்களின் முத்திரைகளைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழற்றி அவருக்கு அனுப்புவேன். அவர் தனக்குத் தேவைப்படாத அட்டைகளை அனுப்புவார். மூலை தேய்ந்தவர், நெற்றியில் ஊசித்துளை விழுந்தவர், யாரோ பென்சிலால் மீசை வைத்துவிட்டவர். நானும் அப்படியொன்றும் புதுசாக இல்லையே... சேர்த்துக்கொண்டேன். இப்படி இருபத்துநாலு.

இருபத்தைந்தாவது ஸ்வெனின் ஆல்பத்தில் இருந்தது. ஒருவர் இரண்டு கைகளையும் உயர்த்தி மஞ்சள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பந்து படத்தில் இல்லை. அதைக் கொடுப்பீர்களா என்று நான் கேட்டதில்லை. ஆனால் ஸ்வென் வயோதிபர் குடியிருப்புக்கு மாறுகிறார். திங்கட்கிழமை ஆல்பம் கோபன்ஹேகனுக்கு ஏலத்துக்குப் போகிறது. அதற்கு முன் என்னைக் கோப்பிக்குக் கூப்பிட்டு, அந்த ஒன்றை மட்டும் உருவி என் பக்கம் நகர்த்தினார்.

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். முதல் தரம் வேண்டாம் என்போம். இரண்டாம் தரம் "எதுக்கு உங்களுக்குச் சிரமம்" என்போம். மூன்றாம் தரம் கொடுப்பவரின் மனம் நோகக்கூடாதே என்று வாங்கிக்கொள்வோம். அந்த நம்பிக்கையில், "நை தாக்" என்றேன். வேண்டாம், நன்றி.

"அப்படியா" என்றார் ஸ்வென். அட்டையை ஆல்பத்துக்குள் திரும்பச் செருகினார். "கோப்பிக்குப் பால் விடவா?"

அதற்கும் வேண்டாம் என்றேன். பாலும் வரவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"வேணுமெண்டால் ஓமெண்டு சொல்ல வேண்டியதுதானே?"

"கேட்ட உடன எப்பிடியப்பா?"

"அவரென்ன உங்கட மாமியே, வெக்கப்பட?"

"இன்னொருக்காக் கேப்பார் எண்டு நினைச்சன்."

அவள் கோழி இருக்கிறதா என்று பிரிட்ஜைத் திறந்து பார்த்தாள். "நாளைக்கு மத்தியானம் சாப்பிட வரச்சொல்லுங்கோ. வந்தால் கதை எப்பிடியும் அதில வந்து நிக்கும்."

டேனிஷ்காரரை மூன்று கிழமைக்கு முன்பே அழைக்கவேண்டும். நான் திரும்பப் போய் நாளைக்கு வாருங்கள் என்றதும் ஸ்வென் டயரியைப் புரட்டிப் பார்த்தார். பக்கம் வெறுமையாக இருந்திருக்க வேண்டும். ஞாயிறு பன்னிரண்டு மணிக்குச் சரியாகப் பூக்களோடு வாசலில் நின்றார்.

சோறு, கோழிக்கறி, பருப்பு, உருளைக்கிழங்குப் பிரட்டல். முதல் தட்டை ரசித்துச் சாப்பிட்டார். மனைவி கரண்டியோடு வந்தாள். "நை தாக்" என்றார். சோறு விழுந்தது. சாப்பிட்டார். மறுபடி கரண்டி. மறுபடி "நை தாக்". மறுபடி சோறு. அடுத்த தரம் தட்டைக் கையால் மூடினார். கையைச் சுற்றி வந்து விழுந்தது.

ஸ்வென் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார். "என் டேனிஷ் உங்கள் மனைவிக்கு விளங்கவில்லையா?"

"விளங்குகிறது. மரியாதைக்குச் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறாள்."

"மரியாதைக்கு வேண்டாம் என்பீர்களா?"

"இரண்டு தரம். மூன்றாம் தரம் வாங்கிக்கொள்வோம்."

நாற்பது வருடம் ரயில் நேரங்களோடு வாழ்ந்த மனிதர். மெதுவாகக் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. "அப்படியென்றால் நேற்று நீங்கள்..."

நான் பருப்பைப் பார்த்தேன்.

"அந்த அட்டை உங்களுக்கு வேண்டுமா?"

வாயைத் திறந்தேன். வேண்டாம் என்ற சொல் தானாகவே நாக்கு நுனியில் வந்து நின்றது. நாற்பத்தாறு வருடப் பழக்கம்.

"என்ன கேக்கிறார்?" என்றாள் மனைவி.

"அட்டை வேணுமோ எண்டு."

"நாளைக்கு அது கோபன்ஹேகனுக்குப் போகுது. அந்தாள் இன்னும் ரெண்டு தரம் கேக்காது. சொல்லுங்கோ."

"யா, தாக்" என்றேன். வேண்டும், நன்றி.

ஸ்வென் கோட்டைப் போட்டுக்கொண்டு புகாருக்குள் நடந்து போய், பத்து நிமிடத்தில் அட்டையோடு திரும்பி வந்தார். இருபத்தைந்து பேரையும் ஜன்னல் விளிம்பில் நிறுத்தினேன். மூவரும் நின்று பார்த்தோம். மஞ்சள், பப்பாசி, பச்சை... வெளியே தெரு இல்லை, வீடுகள் இல்லை. அந்த மனிதர் கைகளை உயர்த்தியபடி, வராத பந்துக்காகக் காத்திருந்தார்.

மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, என்னைக் காட்டி ஸ்வெனிடம் தமிழிலேயே சொன்னாள்: "என்னைப் பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கும் பிடிச்சிருக்கோ எண்டு எங்கட மாமா இவரை மூண்டு தரம் கேட்டவர். ரெண்டோட விட்டிருந்தால் எனக்கு இண்டைக்கு இவ்வளவு சமையல் இல்லை."