படத்தில் வந்த அப்பா

பிரிசில்லாவுக்குக் கத்தித்தான் பேச வரும். சிவாஜிநகர் துணிக்கடையில் நாளெல்லாம் நின்று, கூட்டத்தையும் பஸ் இரைச்சலையும் மீறிப் பேசிப் பேசித் தொண்டை அப்படி ஆகிவிட்டது. மகள் சிந்தியாவுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. குழந்தை நடக்கத் தொடங்கிய சமயத்தில் சந்தாபுராவுக்கு வேலைக்குப் போன கணவன் தாஸ், அங்கேயே தங்கிவிட்டான். ஜோகுபாளையத்து ஒற்றை அறை வீட்டில் அவள்தான் மகளை வளர்த்தாள். காலையில் அல்சூர் ஏரிக்கரையில் ஈரப் புல்லில் நடக்கவிட்டு, மரங்களைத் தொடவிட்டு, அப்புறம்தான் பள்ளிக்கூடம்.

பார்வையற்ற குழந்தை, இயற்கை, குடும்பம் என்று சிந்தியாவை வைத்துப் படமெடுக்க சுஹாஸ் என்றொருவன் வந்தான். பிரிசில்லாவுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கேள்விப்பட்டு தாஸும் தேய்த்த சட்டையோடு வந்து நின்றான். பகலில் அவள் கடையில் இருக்க, கேமரா தாஸோடு ஏரிக்குப் போனது.

ஒரு மாலை நல்ல மழை. சிந்தியா தெருவில் கைகளை விரித்து நனைந்துகொண்டிருந்தாள். அவளுக்கு இரண்டடி தள்ளி, குழாய்க்குத் தோண்டிய பள்ளத்தில் நீர் நிரம்பி, தெருவும் பள்ளமும் ஒன்றாகக் கிடந்தன. சுஹாஸும் தாஸும் எதிர்க்கடைக் கூரையடியில் நின்று படம் பிடித்தார்கள். வேலை முடிந்து வந்த பிரிசில்லா, "உள்ள வாடி சனியனே! சாவணுமா உனக்கு?" என்று கத்தி, மகளைத் தரதரவென்று இழுத்துப் போனாள்.

படத்தை ஓர் அரங்கில் திரையிட்டார்கள். திரையில் தாஸ் மகளின் கையை மரத்தில் வைத்து மெல்லப் பேசினான். கூட்டம் மூக்கைச் சிந்தியது. பிரிசில்லா அந்த மழைக் காட்சியில் மட்டும் வந்தாள். பள்ளம் தெரியவேயில்லை. யாரோ "ச்சே, இவளெல்லாம் ஒரு அம்மா" என்றார்கள். பக்கத்திலிருந்த சிந்தியாவுக்கும் அது கேட்டது.

விளக்குப் போட்டதும் பிரிசில்லா சுஹாஸை மறித்தாள்.

"பள்ளம் எங்க சார்?"

"ஃப்ரேம்ல வரல மேடம். கதைக்கு ஒரு கான்ட்ராஸ்ட் வேணும்..."

"எங்க வூட்ல டீ குடிச்சியே, அப்ப தெரியலயா நான் கான்ட்ராஸ்டுன்னு?"

"எல்லாரும் பாக்குறாங்க, மெதுவா பேசு," என்றான் தாஸ்.

"நீ வாயத் தொறக்காத. இத்தன வருஷமா எந்த மரத்தப் புடிச்சினு இருந்த?"

படம் செல்போன்களில் பரவியது. பக்கத்து வீட்டு ராதா, "கொழந்தைய அப்பிடியா இழுப்ப?" என்று கேட்ட அன்றோடு அவளிடமும் பேச்சு நின்றது.

அடுத்த வாரம் தாஸ் வீட்டு வாசலில் நின்றான். "ஞாயித்துக்கிழமைல பாப்பாவ ஏரிக்கு இட்டுனு போறேன்."

பிரிசில்லா கதவைச் சாத்தப் போனாள். சிந்தியா குறுக்கே கேட்டாள்: "கேமரா வருமா?"

"இல்ல பாப்பா."

"அன்னிக்கு மழைல நீயும் அங்கதான நின்ன? பள்ளம் இருந்துச்சே, நீ ஏன் என்ன இழுக்கல?"

தாஸ் திரும்பித் தெருவில் இறங்கிப் போனான்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தான், தனியாக. சிந்தியா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். பிரிசில்லா தடுக்கவில்லை. அவன் குடிக்கத் தண்ணீர் கேட்டான்.

"தெருக்கோடில கடை இருக்குது," என்றாள் அவள்.

இப்போதும் அவன் வருகிறான். அவள் இன்றுவரை அவனுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்ததில்லை.