கொம்புக்குக் கிடைத்த எருது

என் ஓரகத்தி வீட்டு நிலைக்கு மேலே இப்போது இரண்டு ஆணிகள் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கின்றன. அவள் இறந்து, காரியத்துக்கு நான் போனபோது என் கண் முதலில் அங்கேதான் போனது. அந்த ஆணிகளில் வெகுகாலம் ஒரு ஜோடி எருதுக் கொம்பு இருந்தது. அதைப் பார்த்து நானும் வெகுகாலம் வயிறெரிந்தேன். என் வீட்டுக்காரரின் அண்ணன், அதாவது என் மூத்தாரின் மனைவி அவள்; அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நல்லவள். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

வெள்ளைக்காரர் ஆட்சி அப்போது. நான் மலைமேல் இருக்கும் பெரக்கரை நாட்டுக்கு வாழ வந்த புதிதில் மலையெங்கும் மாடுகளுக்கு வெக்கை நோய் கண்டது. எங்கள் உழவெருது இரண்டும் அடுத்தடுத்துச் சாய்ந்தன. அக்கா வீட்டில் ஒன்று செத்தது, ஒன்று பிழைத்தது. வெக்கையில் செத்த மாட்டை எங்கள் ஊரில் தோலுரிக்க மாட்டார்கள். மூக்கணாங்கயிறுகூட மண்ணுக்கு மேலே தங்கக் கூடாது. முழுசாகக் குழியில் இறக்கி மூடிவிட வேண்டும். தவறினால் மாரியாத்தாளின் கோபம் மிச்ச மாடுகள் மேலும் இறங்கும் என்பார்கள். நாங்கள் அப்படியே செய்தோம். மூத்தார் மட்டும், பிள்ளைகள் அழுகிறார்களே என்று கொம்பை அறுத்து வைத்துக்கொண்டார். ஊரே ஏசியது. நானும் சேர்ந்துதான் ஏசினேன்.

ராகி விதைப்பு நெருங்குகிற நேரத்தில், மாட்டைப் பறிகொடுத்தவர்களுக்குச் சர்க்கார் உதவிப் பணம் தருகிறதென்று கீழேயிருந்து ஓர் அதிகாரி மலையேறி வந்தார். அந்தப் பணம் வராவிட்டால் எங்கள் காடு தரிசுதான். வேறு வழியில் எருது வாங்க எங்களுக்கு வக்கில்லை.

“செத்ததுக்கு அடையாளம் காட்டுங்க. காது, கொம்பு, தோலு, ஏதாச்சும்” என்றார் அதிகாரி.

“முழுசாப் பொதைச்சுப்புட்டோமுங்க” என்றார் என் வீட்டுக்காரர்.

“அப்போ தோண்டிக் காட்டுங்க.”

வெக்கைக் குழியைத் தோண்ட யார் துணிவார்கள்? “அது மட்டும் ஆகாதுங்க சாமி” என்று கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார். அக்கா முந்தானைக்குள்ளிருந்து அந்தக் கொம்பை எடுத்து வைத்தாள். அதிகாரி பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பணமும் கொடுத்தார். முறை தப்பியவர்களுக்கு எருது, முறைப்படி நடந்த எங்களுக்கு வெறுங்கை!

மலைக்குக் கீழே சேந்தமங்கலம் போய் மூத்தார் ஒரு மயிலை எருது பிடித்துவந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மழை விழுந்ததும் அக்கா தன் ஜோடியை எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

“மொதல்ல உங்க காட்டை உழுதுக்குங்க கண்ணு. எங்களது பொறவு ஆகட்டும்.”

வாங்கிக்கொண்டோம். காடு விளைந்தது. ஆனால் அவள் கொடுக்கிற இடத்திலும் நான் வாங்குகிற இடத்திலும் இருக்கிறோமே என்கிற நினைப்பில் அந்த வருஷத்துக் களி முழுவதும் எனக்குக் கசந்தது.

பல வருஷம் கழித்து, இருவரும் மிளகு உலர்த்திக்கொண்டிருந்தபோது அவளே சொன்னாள்: “உன்னப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்குது கண்ணு. உங்க எருது ரெண்டும் முழுசாப் போய்ச் சேந்துச்சு. என்னுது கொம்பில்லாமக் கெடக்குது.”

எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு குளிர்ச்சி. அவளிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது! அதற்குப் பிறகுதான் என்னால் அவள் முகத்தை நேராகப் பார்க்க முடிந்தது.

காரியத்தன்று வெறும் ஆணிகளைக் காட்டி அவள் மூத்த மகனிடம் கேட்டேன்.

“அம்மா சொல்லிட்டுப் போச்சுங்க சின்னம்மா. அந்த எருதைப் பொதைச்ச எடத்துலயே கொம்பையும் போட்டு மூடிட்டோமுங்க.”

நல்ல காரியம் செய்தீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். வழியெல்லாம் வயிறு எரிந்தது. அவள் எருதும் முழுசாகிவிட்டது. என்னிடம் இருந்த அந்த ஒன்றையும் அவள் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.