வெயிலில் வந்த வெள்ளம்

இறால் வடை தின்று கடல் பார்க்க, ஈப்போ சிலிபினிலிருந்து நானும் கணவரும் பாகான் டத்தோ போனோம். வடைக்கடை எதிரே கரையோரம் காரை நிறுத்தியதும் ஓர் ஆள் வந்தார்.

"அக்கா, காடிய மேட்டுல போடுங்க. கடல் தண்ணி ஏறும்லா."

வானத்தில் மேகமே இல்லை. மேட்டில் இருந்ததோ அவருடைய செண்டோல் குளிர்பானக் கடை. ஆள் பிடிக்கிறார் என்று தோன்றியது.

"சும்மா சொல்றாரு, நகத்தாதீங்க" என்றேன் கணவரிடம்.

இரண்டாவது தட்டு வடை வருவதற்குள் கழற்றிப் போட்ட என் செருப்பு மிதந்தது. ஈப்போவில் மழை பெய்தால்தான் வெள்ளம். வெயிலில் வருமென்று யார் கண்டது? சேற்றில் சக்கரம் சிக்க, அந்த ஆளே ஓடிவந்து தள்ள, இன்ஜின் நனையுமுன் கார் மேடேறியது.

இப்போது எந்தக் கடலோரம் போனாலும் தண்ணீர் எப்போது ஏறும் என்று முதலில் கேட்கிறேன். அதுவும், கடை வைத்திருக்காதவரிடம்; கடைக்காரர் சொன்னால் எனக்கு மறுபடியும் சந்தேகம் வந்துவிடும்.