ஆறு பக்கமும் போட்டது

"14-8, சனி. ஆறு பக்கமும் போட்டது. மழை. யாரும் எழுந்து போகவில்லை."

நான்காக மடித்த சீட்டில் ஊதா மையில் இவ்வளவுதான் எழுதியிருந்தது. ஆண்டு இல்லை. அறுபதுகளிலிருந்து எண்பதுகள் வரை ஆகஸ்ட் 14 சனிக்கிழமையாக வந்த ஆண்டுகளை, சீட்டு கிடைத்த அன்றே தேடிக் குறித்துக்கொண்டேன்: 1965, 1971, 1976, 1982. சீட்டு கிடந்த அட்டைப்பெட்டியில் ஆண்டு அச்சிட்ட மூலையைக் கரையான் தின்றிருந்தது. உள்ளே இருந்திருக்க வேண்டிய பாடல் புத்தகமும் இல்லை.

பெட்டியை வாங்கியது 2025 மார்ச் 9, ஞாயிறு காலை, ஈப்போவின் பழம்பொருள் சந்தையில். கடைக்காரச் சீனர் மேலே இருந்த தூசியைத் தன் சட்டையிலேயே துடைத்துவிட்டு, "இது கம்ப்ளீட் லா, பாஸ்" என்றார். பெட்டியிலும் அப்படித்தான் அச்சிட்டிருந்தது. ஓர் அமெரிக்க ஆப்ரா. அதாவது, கதை முழுவதையும் பாட்டாகவே நடத்தும் மேடை நாடகம். அதை ஒரு வரிகூட வெட்டாமல் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிந்து, மூன்று இசைத்தட்டுகளில், ஆறு பக்கங்களில் அடக்கியிருந்தார்கள்.

பெட்டியின் பின்புறம் பாகான் டத்தோ பக்கத்து ஒலிபெருக்கிக்காரர் ஒருவரின் ரப்பர் முத்திரை இருந்தது. ரப்பர், தென்னைத் தோட்டங்களில் நடக்கும் கல்யாணங்களுக்கும் திருவிழாக்களுக்கும் பாட்டு செட் வாடகைக்கு விட்டவர். அந்தக் காலத்து பாட்டு செட்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தட்டின் நடுவில் உள்ள அச்சு எழுத்தின் மேல் மைதா பசை தடவி, தன் கையால் எண் எழுதிய தாளை ஒட்டிவிடுவார்கள். யார் இயந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாலும் எண்ணைப் பார்த்துப் போட்டுவிடலாம். இந்தத் தட்டுகளிலும் அப்படியே: 1 மேல், 1 கீழ், 2 மேல், 2 கீழ், 3 மேல், 3 கீழ். அச்சில் என்ன இருந்தது என்று தெரியாதபடி ஒட்டியிருந்தார்.

அன்று பிற்பகலே கேட்டோம். கேட்டவர்கள் மூன்று பேர்: நான், என் மனைவி, என் நண்பர். நண்பருக்கு ஐம்பத்தெட்டு வயது, மனைவியை இழந்தவர். மின்சார வேலை செய்கிறார். என்னுடைய பழைய தட்டு இயந்திரம் ஓடுவது அவர் கைவண்ணத்தால்தான். ஞாயிறு காலைகளில் தேவாலயப் பாடகர் குழுவில் கீழ்க்குரலில் பாடுவார். ஒரே தோட்டத்தில் பிறந்து ஈப்போவின் சிலிபினில் பக்கத்துத் தெருவாசிகள் ஆனதால், எங்களுக்குள் மச்சான் முறை.

எதையும் முதல் தடவை விளக்கம் படிக்காமல் கேட்பது என் விதி. அதனால் காதில் விழுந்ததை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டேன். கடலோர ஊர் ஒன்றில், ஒரே முற்றத்தைச் சுற்றி வாழும் கறுப்பின மக்கள். மீன் பிடிப்பவர்கள், மூட்டை தூக்குபவர்கள். கால் ஊனமான ஒருவன். அவன் நேசிக்கும் பெண். அவளை விடாமல் துரத்தும் ஒரு முரடன்.

"நம்ம தோட்டத்து லயத்து வரிசை வீடுங்க மாதிரியே இருக்கு. ஒருத்தன் வீட்டுச் சண்டைக்கு எல்லாரும் வாசல்ல நிக்கிறாங்க பாருங்க" என்றாள் மனைவி.

முதல் தட்டைத் திருப்பிப் போட்டதும் அந்தப் பெண் தொலைதூரப் பட்டணத்துக்குப் போய்விட்டாள் என்று தெரிந்தது. ஊனமான அந்த மனிதன் ஆட்டு வண்டியைக் கொண்டுவரச் சொல்லி, அவளைத் தேடிக் கிளம்பினான். அடுத்தடுத்த பக்கங்களில் அவள் திரும்ப வந்திருந்தாள். நான்காவதாகக் கேட்ட பக்கத்தில் முரடன் செத்தான். ஆனால் கடைசிப் பக்கத்தில், புயலுக்குப் பயந்து எல்லோரும் ஓர் அறையில் கூடி ஜெபம் பாடும்போது, செத்தவன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து சிரித்துப் பாடினான். "இறந்தவன் மீண்டும் பாடுகிறான் (?)" என்று நோட்டில் எழுதினேன்.

"இது என்ன கேள்விக்குறி? ஆவி மச்சான்" என்றார் நண்பர்.

"ஆவிக்கு இவ்வளவு குரலா அண்ணே?"

"செத்தப்புறம் மூச்சுக் கஷ்டம் ஏது தங்கச்சி?"

நண்பருக்கு அந்தப் பிற்பகல் முழுவதும் பிடித்துப்போனதற்குக் காரணம் ஆவி இல்லை. அவர் குழுவில் நான்கு ஆண்டுகள் அவருக்குப் பக்கத்தில் நின்று பாடியவர் ஓர் அம்மா. ஓய்வு பெற்ற தாதி, கணவரை இழந்தவர், என் மனைவிக்கு அக்கா மாதிரி. நண்பருக்கு அவர் மேல் உள்ள விருப்பம் அந்த அம்மாவைத் தவிர எல்லோருக்கும் தெரியும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். ஜனவரியில் அந்த அம்மா வாடகை வீட்டைக் காலி செய்து, பாகான் டத்தோ பக்கம் உள்ள ஹுத்தான் மெலிந்தாங்கில் தம்பி வீட்டோடு போய்விட்டார். வழியனுப்பும் நாளில் நண்பர் எதையோ சொல்லப்போய், கடைசியில் மூன்று மீட்டர் மின் இணைப்புக் கம்பி ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். "நல்ல ஒயர்" என்றார். அதோடு சரி.

அக்காவின் தையல் இயந்திரமும் இரண்டு பெட்டிகளும் எங்கள் வீட்டில் இருந்தன. ஏப்ரல் 6 அன்று தம்பியின் லாரியில் வந்து எடுத்துப் போவதாகச் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு அவர் சிலிபினுக்கு வர ஒரு காரணமும் இல்லை.

ஊசி தட்டை விட்டு எழுந்ததும் நண்பர் கொஞ்ச நேரம் அந்தத் தையல் இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "அந்த ஆளால நடக்கவே முடியாது. ஆட்டு வண்டியில போயி கூட்டிக்கிட்டு வந்துட்டாரு. எனக்கு வேன் இருக்கு. சனிக்கிழமை போறேன் மச்சான்."

மனைவி அவருக்கு இன்னொரு கோப்பை தேநீர் ஊற்றினாள். மகிழ்ச்சியில் சர்க்கரை போட மறந்துவிட்டாள். அவரும் கவனிக்காமல் குடித்துவிட்டார்.

நான் அந்தக் கேள்விக்குறியோடு இரண்டு நாள் இருந்தேன். நில அளவையாளர் ஒருவரின் அலுவலகத்தில் வரைபடங்களை வரிசைப்படுத்தி வைப்பதுதான் என் வேலை. வரிசை பிசகியிருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. செவ்வாய் மாலை ஈரத்துணியை 1 கீழ் என்ற தாளின் மேல் கால் மணி நேரம் வைத்து, மெதுவாக உரித்தேன். அடியில் அச்சிட்ட எண் 6.

மற்றவற்றையும் உரித்தேன். இரண்டாம் தட்டின் பின்புறம் 5. மூன்றாவதன் பின்புறம் 4. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். மூன்று தட்டுகளையும் ஒரே கம்பியில் அடுக்கிவிட்டால் ஒவ்வொன்றாகத் தானே விழுந்து பாடும் இயந்திரங்கள் இருந்தன. மூன்றும் பாடி முடிந்ததும் அடுக்கை அப்படியே திருப்பிப் போட வேண்டும். அந்த இயந்திரங்களுக்காக எண்ணிட்ட தட்டுகள் இவை. பாட்டு செட்காரருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. அவர் தனக்குத் தெரிந்தபடி எண் போட்டார். அச்சைவிடக் கையெழுத்தை நம்பி வளர்ந்த நாங்களும் அப்படியே கேட்டோம்.

ஆக, முரடன் ஆவியில்லை. கடைசிப் பக்கம் என்று நாங்கள் கேட்டது உண்மையில் நான்காவது; அதில் அவன் இன்னும் சாகவே இல்லை. அதைவிடப் பெரிய விஷயம்: அந்த மனிதன் அவளைத் தேடிக் கிளம்புவதுதான் கதையின் முடிவு. அவள் கிடைத்தாளா என்று கதை சொல்லவே இல்லை.

மனைவியிடம் சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"அண்ணன் சனிக்கிழமை போயிட்டு வரட்டும். ஞாயித்துக்கிழமை சொல்லுங்க உங்க ஆராய்ச்சிய."

"தப்பான முடிவை நம்பிப் போறாரு."

"நாலு வருஷமா சரியான முடிவ நம்பி சும்மா உக்காந்திருந்தாரு. அது தேவலையா?"

இரண்டு நாள் வாயைக் கட்டினேன். வெள்ளிக்கிழமை அவர் முடி வெட்டிக்கொண்டு, புதுச் சட்டையைக் காட்ட வந்தபோது முடியவில்லை. உரித்த தாள்களை மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதத் தேவையில்லை.

நண்பர் தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரியா போடு. கேப்போம்" என்றார்.

தவக்காலம், வெள்ளிக்கிழமை அவர் இறைச்சி தொடமாட்டார். மனைவி சார்டின் மீன் சம்பல் செய்தாள். ஆறு மணிக்கு முன்பே முதல் பக்கத்தை வைத்தேன். 1, 2, 3, 4, 5, 6. கதை இப்போது ஓடையாக ஓடியது. முரடன் சாகவேண்டிய இடத்தில் செத்தான். ஆறாம் பக்கத்தில் அந்த மனிதன் கை நிறையப் பரிசுகளோடு வீடு திரும்பி, அவளைக் கூப்பிட்டுப் பார்த்து, அவள் போய்விட்டதை அறிந்தான். ஆட்டு வண்டி வந்தது. அவனும் ஊராரும் சேர்ந்து பாடிய அந்தக் கடைசிப் பாட்டில் துக்கம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. கிளம்புகிறவனின் குரல்தான் இருந்தது. நண்பர் தன்னை அறியாமல் கீழ்க்குரலில் சேர்ந்துகொண்டார்.

தட்டு நின்றது.

"அந்த ஆளுக்கு அந்த ஊரு எங்க இருக்குன்னாச்சும் தெரியுமா?" என்று நண்பர் கேட்டார்.

"தெரியாது. வடக்கே ரொம்ப தூரம்னு மட்டும் சொல்றாங்க."

"அவ எந்த வீட்டுல இருக்கான்னு?"

"அதுவும் தெரியாது."

நண்பர் எழுந்து புதுச் சட்டையை மடித்துப் பையில் வைத்தார். "எனக்கு அட்ரஸே தெரியுமே" என்றார்.

சனிக்கிழமை காலை பசியாறாமலே வேனோடு எங்கள் வாசலுக்கு வந்தார். வெறுங்கையோடு எப்படிப் போவது என்று தையல் இயந்திரத்தைத் தூக்கப் பார்த்தார். மனைவி குறுக்கே நின்றாள்.

"அதக் கொண்டுபோய்க் குடுத்துட்டா அப்புறம் அக்கா எதுக்கு இங்க வரணும்? இறக்குங்க அண்ணே."

இறக்கினார்.

மாலை நான்கரைக்குத் திரும்பி வந்தார். சட்டையில் தேங்காய்ப்பால் கறை. உட்காருவதற்குள் மனைவி கேட்டாள்: "என்ன ஆச்சு?"

"சொதி நல்லா இருந்திச்சு."

"அண்ணே."

"சொல்றேன் லா. நான் எல்லாத்தையும் சொன்னேன். ஒரே மூச்சுல. அவங்க தம்பி பக்கத்துல உக்காந்து வல பின்னிக்கிட்டு இருக்காரு, எழுந்து போக மாட்டேங்கிறாரு. அவர வச்சிக்கிட்டே சொன்னேன்."

"அக்கா என்ன சொன்னாங்க?"

நண்பர் காது வரை சிவந்தார். "'மூணு மீட்டர் ஒயரு குடுத்தீங்களே, சிலிபின்லேர்ந்து இங்க வரைக்கும் எட்டும்னு நெனச்சீங்களா'ன்னு கேட்டாங்க."

"அப்புறம்?"

"'அந்த மெஷின இருக்கிற இடத்துலயே இருக்கச் சொல்லுங்க'ன்னாங்க."

என் மனைவி தையல் இயந்திரத்தின் மேல் இருந்த துணியை எடுத்து உதறி, மறுபடி நேராகப் போர்த்தினாள். அப்போது அவளுக்கு வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை.

ஏப்ரல் 6 அன்று லாரி வந்தது. எடுத்துப்போக அல்ல; அக்காவின் மீதிச் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு வந்தது. ஈஸ்டர் முடிந்து ஏப்ரல் 26, சனிக்கிழமை, திருமணம். பாடகர் குழுவில் இருவர் குறைந்ததால் அன்று பாட்டு கொஞ்சம் மெலிந்துதான் ஒலித்தது. மணமக்கள் பீடத்தின் முன் நின்றபடியே பல்லவியில் சேர்ந்துகொண்டு அதைச் சரிசெய்தார்கள்.

அதற்குப் பிறகு அக்காவும் ஆறு பக்கத்தையும் கேட்டார். சரியான வரிசையிலும் கேட்டார், செட்காரரின் வரிசையிலும் கேட்டார். எது பிடித்தது என்றதற்கு, "ரெண்டாவது. ஆவி இருக்கு" என்றார்.

உரித்த ஆறு தாள்களையும் காயவைத்து, ஊதா மைச் சீட்டோடு சேர்த்துப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். அக்காவின் தம்பியிடம் சீட்டைக் காட்டினேன். பாட்டு செட்காரரைச் சிறு வயதில் பார்த்திருப்பதாகச் சொன்னார். தோட்டத்துத் துரை ஊர் திரும்பும்போது பங்களாவிலிருந்து சில தட்டுகள் அவருக்குக் கிடைத்ததாகவும் கேள்விப்பட்டிருக்கிறார். ஆண்டு எது என்றேன். "எழுபத்தாறு இருக்கும்" என்றார். எப்படித் தெரியும் என்றதற்கு, "அந்த வருஷம் நல்ல மழ" என்றார். இதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது.

அந்தத் தாள்கள் சீட்டில் உள்ள அந்தச் சனிக்கிழமைக்கு முன்பே ஒட்டப்பட்டனவா, பின்பா என்பதும் தெரியவில்லை. முன்பு என்றால், மழையில் எழுந்து போகாமல் கேட்ட அந்தத் தோட்டத்து மக்களும் எங்களைப் போலவே, அவள் திரும்பி வந்துவிட்டாள் என்று நம்பித்தான் வீட்டுக்குப் போயிருப்பார்கள். அவர்கள் எந்த வரிசையில் கேட்டார்கள் என்பது இன்றுவரை உறுதியாகவில்லை.